கன எண்ணெய்

மூடிக் கிடந்த நூல் மில்லை விலைக்குக் கேட்டு நாலு பேர் வந்து போனார்கள். முதலில் வந்த மூன்று பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மிஷின்களைத் தட்டிப் பார்த்தார்கள். இரும்பு எத்தனை டன் தேறும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். நாலாவதாக வந்தவர் மட்டும் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். பஞ்சநாதனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கல்யாணப் பெண் மருதாணி வைத்துக்கொண்ட மாதிரி விரலை விரித்துக்கொண்டு இந்த மனுஷன் என்ன வேலை செய்துவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

2006ஆம் வருடம், புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை அது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டோரத்தில் இருந்த அந்த மில்லில் பஞ்சநாதன் இருபத்து மூன்று வருடம் எலெக்ட்ரீசியனாக இருந்தார். மில் மூடி மூன்று வருடம் ஆகியும் சாவிக்கொத்து அவரிடமேதான் இருந்தது. வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது அவர் வேலை.

கையுறைக்காரர் பெயர் வைத்திலிங்கம். சென்னையில் பழைய டிரான்ஸ்பார்மர்களை வாங்கிப் பிரிக்கிற கம்பெனியில் இஞ்சினியர். மூன்று டிரான்ஸ்பார்மர்களைப் பார்த்து முடித்துவிட்டு நாலாவதுக்கு வந்தார். அது கொட்டகைக்குப் பின்னால் ஆடாதொடைப் புதருக்குள் தனியாக நின்றது. மில் ஆரம்பித்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. தொண்ணூற்றைந்தில் புதுசு வந்ததும் இதை நிறுத்திவிட்டார்கள்.

வைத்திலிங்கம் குந்தி உட்கார்ந்து அதன் தகட்டில் படிந்திருந்த துருவைச் சுரண்டினார். பஞ்சநாதன் அடிக்குழாயைத் திருகிச் சின்னக் குப்பியில் கொஞ்சம் எண்ணெய் பிடித்தார். விரலில் வழிந்ததை வீணாக்குவானேன் என்று, எப்போதும் செய்கிற மாதிரி, வலது முழங்கையில் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அண்ணே! அண்ணே! என்ன பண்றீங்க!"

வைத்திலிங்கம் எழுந்து நின்று கத்தினார். கத்திக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்தார். கத்தினதைக்கூடப் பஞ்சநாதன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நகர்ந்ததைத்தான் கவனித்தார். பாம்பைப் பார்த்தால் மனுஷன் அப்படி நகர்வான்.

"கை வலிக்குச் சார். தேச்சா கேக்கும்."

"போய் சோப்பு போட்டுக் கழுவுங்க. ரெண்டு தடவை கழுவுங்க. இது எண்ணெயே இல்ல. பி.சி.பி.ன்னு ஒரு கெமிக்கல். தீப்பிடிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல எண்ணெய்க்குப் பதிலா இதை ஊத்துவாங்க. தகட்டுல போட்டிருக்கான் பாருங்க."

"பாக்க எண்ணெயாட்டம்தானே சார் இருக்கு?"

"பாக்க அப்படித்தான் இருக்கும். தண்ணியில விட்டுப் பாருங்க, தெரியும். எண்ணெய்னா மிதக்கும். இது நேரா அடியில போய் உக்காரும்."

பம்பு செட்டுத் தொட்டியில் பஞ்சநாதன் கை கழுவுகிற வரைக்கும் வைத்திலிங்கம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தச் சாமானை மண்ணில் கொட்டினால் மண் தின்னாது, ஆற்றில் கலந்தால் மீனில் சேரும், மீனிலிருந்து மனுஷனுக்கு வரும். எரித்தால் இதைவிட மோசமான விஷமாக மாறிப் புகையில் போகும். உடம்புக்குள் போய்விட்டால் கொழுப்பில் ஒளிந்துகொண்டு வருடக் கணக்காகக் கிடக்கும். ஈரல் கெடும், தோல் கெடும், கேன்சர் வரும் என்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் இறங்கும், தாய்ப்பாலிலும் இறங்கும். உலகம் பூரா இதை ஒழிக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், நம் நாடும் இந்த வருடம் அதில் சேர்ந்திருக்கிறது.

"மேலுக்குத் தேச்சாலும் உள்ள போயிடுமா சார்?"

"தோல் வழியாவே போகும்ணே."

"கொழந்தைக்கு..."

"கொழந்தைக்கு எவன்ணே இதைத் தேய்ப்பான்?" என்று வைத்திலிங்கம் சிரித்தார்.

பஞ்சநாதனும் கூடவே சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடியும் சோப்பை எடுத்தார்.

அன்றைக்குச் சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். அந்த நாலாவது டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் பதினோரு வருடமாக ஊருக்கே எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தார் அவர். நிறுத்தின வருடத்தில் ஒரு நாள் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. குழாயைத் துடைக்கும்போது எண்ணெய் பட்டு இரண்டு நாளில் வலி விட்டது. தானாக விட்டிருக்கும். ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை. முதலில் மனைவியின் தோளுக்குக் கொடுத்தார். அதன் பிறகு முழங்கால் வலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி குவாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். யாரிடமும் ஒரு வெற்றிலைப் பாக்குக்கூட வாங்கினதில்லை. தேங்காயெண்ணெயைவிடக் கையில் கனமாக இருந்ததால் கன எண்ணெய் என்று பேர் வைத்ததும் அவர்தான். கனமான எண்ணெய் எலும்பு வரைக்கும் இறங்கும் என்று சொன்னதும் அவர்தான்.

இப்போது யார் யார் வீட்டில் இருக்கிறது என்று நடந்துகொண்டே எண்ணினார். வரப்பு வழக்கில் சாட்சி சொல்லுகிறவனைப் போல ஒவ்வொரு வீடாக நினைவுக்குக் கொண்டுவந்தார். அரியமுத்து வீடு, பாவாடை வீடு, உத்திராபதி வீடு, மேலத் தெருவில் இரண்டு வீடு. இவர்கள் எல்லாம் வயசானவர்கள். ஆறாவது வீட்டுக்கு வந்ததும் நடை நின்றுவிட்டது.

ராசாத்தி.

ராசாத்தியின் மகள் தேவயானிக்கு ஒரு வயதும் எட்டு மாதமும் ஆகிறது. இன்னும் கால் ஊன்றவில்லை. தகப்பன் செந்தில்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சித்திரையில் ராசாத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மில் கேட்டில் வந்து நின்றாள். "மாமா, எம் புள்ளைக்கும் கொஞ்சம் குடுங்க" என்றாள். கொடுத்தார். ஆறு மாதத்தில் மூன்று தடவை பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். காலையில் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம், இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் நீவிவிடச் சொல்லிக்கொடுத்ததும் அவரே.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு மாடத்திலிருந்த பாட்டிலை எடுத்துச் சாய்த்தார். எண்ணெய் தண்ணீரைத் தொட்டது. ஒரு கணம் உருண்டு நின்றது. பிறகு கோலிக்குண்டு மாதிரி இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கமலவேணி பின்னால் வந்து நின்றாள்.

சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டாள். அவருடைய முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்புக் கறுப்பாகக் குருணை மாதிரி பொரிப்பொரியாக இருந்தது. எட்டு வருடமாக இருக்கிறது. மில் தூசி என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

"நமக்கு வயசாயிட்டுது, போவட்டும். அந்தப் புள்ள?"

"அதான்டி."

"போயி வாங்கிட்டு வந்துடுங்க. எல்லா வூட்லயும் வாங்கிடுங்க. ஆனா வெஷம்னு சொல்லிடாதீங்க. ஊரே நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்கும். மில்லுக்காரன் காதுக்குப் போனா திருட்டு கேஸ் போடுவான். நீங்க யாரைக் கேட்டு எடுத்துக் குடுத்தீங்க?"

"பின்ன என்னான்னு சொல்றது?"

கமலவேணி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "மில்லுல கணக்கெடுக்கறாங்க, எண்ணெய் கொறையுதுன்னு வூடு வூடா வந்து தேடப் போறாங்க, பாட்டிலைக் குடுத்துடுங்கன்னு சொல்லுங்க. பயந்துகிட்டுக் குடுத்துடுவாங்க."

அவருக்கும் அது சரியென்று பட்டது. பயத்தில் இருக்கிறவனுக்கு எந்தப் பொய்யும் சரியென்றுதான் படும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதலில் அரியமுத்து வீட்டுக்குப் போனார். அரியமுத்துவுக்கு எழுபது வயது. மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டதும் வேலியோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"யாரு வராங்க? போலீஸா?"

"மில்லுக்காரங்கண்ணே. பாட்டில இப்படிக் குடுத்துடுங்க, நான் கொண்டுபோயிடறேன்."

"எந்தப் பாட்டிலு?"

"கன எண்ணெய்ண்ணே."

"நான் அப்படி ஒண்ணைக் கண்ணால பாத்ததில்லியே" என்று அரியமுத்து கண்ணைச் சிமிட்டினார். "டேய், உன்னைக் காட்டிக் குடுத்துட்டு நான் இந்த ஊர்ல சோறு திம்பனா? ராத்திரி படுக்கப் போவயில என் முட்டிதான்டா உன்னை வாழ்த்துது. வைக்கப்போருக்குள்ள சொருவிட்டேன்னா எந்தக் கொம்பன் வந்து தேடுவான்? நீ போயி பயப்படாம இரு."

"அண்ணே, சொன்னாக் கேளுங்க, குடுத்துடுங்க."

"யாரு கிட்ட போட்டு வாங்கப் பாக்குற? போடா."

பாவாடை வீட்டில், பாட்டில் போன மாதமே உடைந்துவிட்டது என்றார்கள். சொல்லும்போதே மருமகள் உள்ளே ஓடிப் போய் எதையோ அடுக்குப் பானைக்குள் வைத்து மூடினாள். உத்திராபதி, "எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன், உங்க பேரைச் சொல்ல மாட்டேன்" என்றார். பதினோரு வருடமாகச் சும்மா கொடுத்தவனுக்கு ஊர் நன்றி காட்டியது. இதுவரை மாடத்திலும் கட்டிலுக்கடியிலும் கண்ணெதிரே இருந்த பாட்டில்களெல்லாம் இப்போது அவர் கைக்கு எட்டாத இடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

ராசாத்தி வீட்டுக்குப் போனபோது குழந்தை வாசலில் பாயில் கிடந்தது. வெயிலில் இரண்டு காலும் பளபளவென்று மின்னின. பஞ்சநாதனைப் பார்த்ததும் கையைத் தட்டிச் சிரித்தது.

"தீந்து போச்சு மாமா" என்றாள் ராசாத்தி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலு ஈரமா இருக்கேம்மா."

"அது தேங்காயெண்ணெ."

அவர் குந்தி உட்கார்ந்து குழந்தையின் தொடையைப் பார்த்தார். மடிப்புகளுக்குள் கறுப்புப் பொரிகள். காதுக்குப் பின்னால் இன்னும் நிறைய. அவருடைய முழங்கையில் இருந்த அதே குருணை. பிஞ்சுத் தோலில் அது எள்ளைத் தூவின மாதிரி இருந்தது.

"இது எத்தினி நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா. சூடு வெளிய வருது மாமா. உள்ள இருக்கற கெட்ட நீரெல்லாம் எண்ணெய் இழுத்துகிட்டு வருதுன்னு எங்க அத்தை சொன்னாங்க. முன்னைக்கு இப்ப பரவாயில்ல. புடிச்சுகிட்டு நின்னா கொஞ்சம் நிக்கிறா." குரலைத் தாழ்த்தினாள். "மாமா, தேட வரவங்க போனப்பறம் இன்னும் ஒரு பாட்டில் மட்டும் எப்படியாச்சும் குடுங்க. நிறுத்திட்டா பழையபடி ஆயிடுவா."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எதிர் வீட்டு வாசலில் மூன்று பெண்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வை இங்கேயே இருந்தது. "சோப்பு போட்டுக் குளிப்பாட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வீடு வந்து சேருகிற வரைக்கும் அந்தக் குழந்தை கை தட்டின சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து ராசாத்தி வீட்டுக்கு ஓடினார். கதவு பூட்டிக் கிடந்தது. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாவிளக்குப் போடப் போயிருக்கிறாள் என்றார்கள் கீரை உருவின பெண்கள். "பாட்டிலையும் எடுத்துகிட்டுதான் போனா. அம்மன் காலடியில வெச்சு எடுத்துத் தேச்சா இன்னும் நல்லா கேக்கும்ல" என்றாள் ஒருத்தி.

பெரம்பலூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர மணி பதினொன்றாகிவிட்டது. கோயில் வளாகம் முழுக்கக் கூட்டம். பெண்கள் அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பஞ்சநாதன் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு போனார். எந்தப் பெண் குழந்தையின் மேல் கை வைத்தாலும் அவர் கண் அந்தக் கைக்குப் போயிற்று. அவருக்கு அந்தக் கூட்டத்தில் எல்லாக் கைகளும் எண்ணெய்க் கைகளாகத் தெரிந்தன.

சுற்றுச்சுவர் ஓரம் வேப்பமரத்தடியில் ராசாத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் பாட்டில், அதற்குக் குங்குமம் வைத்திருந்தாள். நீவி முடித்த கையை முந்தானையில் ஒரு தடவை துடைத்தாள். எண்ணெய் போகத் துடைக்கவில்லை. அதே கையால் மாவிளக்கு மாவில் ஒரு துண்டு கிள்ளி, உருட்டி, குழந்தையின் வாய்க்குக் கொண்டு போனாள்.

பஞ்சநாதன் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று போயிற்று. போன வேகத்தில் அவள் கையைத் தட்டிவிட்டார். மாவு மண்ணில் விழுந்தது. குழந்தை வீறிட்டது.

"அய்யய்யோ, பிரசாதம்!" என்றாள் பக்கத்தில் ஒரு அம்மாள். "யாருய்யா நீ? குடிச்சிருக்கியா?"

"மாமா, என்னா மாமா?" ராசாத்தி குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் அவருடைய சட்டையைப் பிடித்தான்.

"அது வெஷம்மா" என்றார் பஞ்சநாதன். மூச்சு வாங்கியது. "நான் குடுத்த எண்ணெய் வெஷம்."

"தேட வராங்கன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். யாரும் தேட வரல. அது எண்ணெயே இல்லியாம். மிஷினுக்குள்ள ஊத்தற கெமிக்கலாம். சனிக்கிழமைதான் எனக்கே தெரியும்."

அவள் நம்பவில்லை. நம்பாதது முகத்தில் தெரிந்தது. அவர் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கன எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுத் தூக்கிக் காட்டினார். வெயிலில் எல்லோருக்கும் தெரிந்தது. சொட்டுகள் நேராக இறங்கி அடியில் போய் நின்றன.

"எண்ணெய்னா மிதக்கணும். இது முழுவுது பாரு."

"கனமா இருக்கு, முழுவுது" என்றாள் ராசாத்தி. "கனம்னா பலம்னு நீங்கதானே சொன்னீங்க? எலும்பு வரைக்கும் எறங்கும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"தெரியாம சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்." அவர் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் ஏற்றி முழங்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைப் பாரு. எட்டு வருஷமா இருக்கு. பாப்பா தொடையில இருக்கறதைப் பாரு. ரெண்டும் ஒண்ணுதான். சூடும் இல்ல, கெட்ட நீரும் இல்ல. நான் குடுத்ததுதான் வந்திருக்கு."

அவள் முழங்கையைப் பார்த்தாள். குழந்தையின் காதை மடக்கிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் முழங்கையைப் பார்த்தாள். சட்டையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான்.

"நானு இன்னும் பால் குடுக்கறேன் மாமா" என்றாள் மெதுவாக. "என் கையும் தினம் ரெண்டு வேளை அதுலதானே கெடந்துச்சு. அப்ப எம் பாலும்..."

வைத்திலிங்கம் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. தாய்ப்பாலிலும் இறங்கும் என்றது அப்படியே வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. மண்ணில் விழுந்த மாவைக் குனிந்து பொறுக்கினார். அவர் நிமிராததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பசித்து அழுத குழந்தை தாயின் மாராப்பைப் பிடித்து இழுத்தது. அவள் அந்தக் கையை விலக்கிவிட்டாள். குழந்தை மறுபடியும் இழுத்தது. மறுபடியும் விலக்கினாள். விலக்க விலக்க அவளுக்கு அழுகை வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்றார் பஞ்சநாதன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். பஞ்சநாதன் ஒரு சீட்டு கேட்டு வாங்கி, பி.சி.பி. என்று கொட்டை எழுத்தில் எழுதி, எந்த வருடத்து மிஷின், எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு என்று கீழே வரிசையாக எழுதிக் கொடுத்தார். டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை.

"தாய்ப்பாலை நிறுத்தாதீங்கம்மா. குடுங்க. புள்ளைக்கு அது வேணும்."

"வெஷம்னு சொல்றாரே டாக்டரம்மா."

"இருந்தாலும் குடுங்க. நிறுத்தினா அதைவிடக் கெடுதல். எண்ணெயைத் தொடவே தொடாதீங்க. ரெண்டு பேரும் சோப்பு போட்டு நல்லாக் குளிங்க, துணியெல்லாம் மாத்துங்க. கால் பலவீனம் இந்த எண்ணெய்க்கு முன்னாடியே இருந்துச்சு, அதுக்குத் திருச்சிக்கு எழுதித் தரேன். இதோட ரத்த டெஸ்ட் இங்க கிடையாது. மெட்ராஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"உள்ள போனது எப்ப வெளிய வரும்?"

டாக்டர் பேனாவை மூடினார். "கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும்மா. வருஷம் ஆகும். எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது. மாசாமாசம் கொண்டு வந்து காட்டுங்க."

பஸ்ஸில் பஞ்சநாதன், மண் தின்னாது என்று வைத்திலிங்கம் சொன்னதையும், திருட்டு கேஸுக்குப் பயந்து கமலவேணி பொய் சொல்லச் சொன்னதையும் ராசாத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பால் குடித்துவிட்டுக் குழந்தை தூங்கிற்று. குடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் குழந்தையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடக்கும் இறங்குவதைப் பார்த்தாள். ஊர் வருவதற்குள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "மாசாமாசம் நீங்கதான் தூக்கிட்டு வரணும் மாமா. நானு தனியா வர மாட்டேன்." அவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அலுமினியப் பேசினில் வெந்நீர் கலந்து குழந்தையை உட்கார வைத்துச் சோப்பு போட்டாள். தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் தேய்த்தாள். மூன்றாவது தடவைக்குக் குழந்தை கத்த ஆரம்பித்தது. தொடை சிவந்துவிட்டது. "போதும்மா, தோலு போயிடும்" என்று பஞ்சநாதன் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். குழந்தையைத் துண்டில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, பேசினைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். கீரைப்பாத்தி வரைக்கும் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா."

"என்னாம்மா?"

"மண்ணு தின்னாதுன்னு சொன்னீங்களே. அப்ப இதை எங்க ஊத்தறது?"

அவர் பார்த்தார். கீரைப்பாத்திக்குப் பத்தடி தள்ளிக் கிணறு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்கால் போய் ஏரியில் விழுகிறது. ஏரியில் மீன் குத்தகை விட்டிருக்கிறார்கள். தெருவில் ஊற்றினால் கோழி மேயும், மாடு நடக்கும். எந்தப் பக்கம் கண்ணை ஓட்டினாலும் அங்கே யாரோ ஒருவர் வாய் திறந்து காத்திருக்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் மில்லில் குழாயைத் திருகும்போதெல்லாம் கீழே சிந்தினது எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. கொட்டகைக்குப் பின்னால் சரிவில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற போர்.

"குடத்துல ஊத்திக் குடும்மா. துண்டையும் பாட்டிலையும் மேல போடு. மில்லு ரூம்ல வெச்சுப் பூட்டிடறேன். சென்னைக்காரருக்குப் போன் போட்டு வரச் சொல்றேன்."

"திருட்டு கேஸ் ஆயிடும்னு கமலவேணி அத்தை பயப்படுவாங்களே?"

"ஆவட்டும். போன்ல எல்லாத்தையும் சொல்லிடறேன்."

பிளாஸ்டிக் குடத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். வாயைப் பழைய துணியால் அடைத்தார். ஏறி மிதிக்கத் தைரியம் வரவில்லை, தள்ளிக்கொண்டே போனார். தெருக்கல்லில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் குடம் தளும்பிற்று. துணி நனைந்து ஓரத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்துவிடப் போகிறதே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தள்ளினார்.

டீக்கடை வாசலில் அரியமுத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, சிறுவாச்சூருக்குப் போயிட்டு வரியாமே? அங்க ஏதோ ரகளை பண்ணினியாம்? குடத்துல என்னா, கோயில் தீத்தமா?" என்று எழுந்து வந்து உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். "ஒரு கை ஊத்து."

"கிட்ட வராதீங்கண்ணே!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பஞ்சநாதனுக்குத் தன் குரல் யாரோ கத்தின மாதிரி கேட்டது.

"வெஷம்ணே. பாப்பாவைக் கழுவுன தண்ணி. நான் உங்களுக்குக் குடுத்த எண்ணெயும் வெஷந்தான். கணக்கெடுக்கறாங்கன்னு சொன்னது பொய். பாட்டில தொடாதீங்க, நானே வந்து எடுத்துக்கறேன். பாவாடை வூட்டுக்கும் உத்திராபதி வூட்டுக்கும் மேலத் தெருவுக்கும் யாராச்சும் ஓடிப் போயி சொல்லுங்க."

அரியமுத்து சிரித்தார். பஞ்சநாதன் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நீட்டின கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை மெதுவாக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"காலையிலகூடத் தேச்சேன்டா" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"தெரியலண்ணே."

"பஞ்சநாதா, சொல்லுடா. ஒண்ணும் ஆயிடாதே?"

குடம் ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது. பஞ்சநாதன் ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அரியலூர் ரோட்டில் ஏறினார். பின்னால் அரியமுத்து கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.